பயந்தாங்கொள்ளிக்கு வந்த வேலை

அவசர உதவி மையத்தில் அழைப்பு எடுக்கும் வேலை கிடைத்துவிட்டது என்று அவள் சொன்னபோது, முதலில் சிரித்தது அவள் கணவர்தான். பள்ளி வேன் ஓட்டுகிறவர். வேனைக் கழுவிக்கொண்டிருந்தவர் குழாயை மூடக்கூட மறந்துவிட்டுச் சிரித்தார்.

"நீயா? பல்லி விழுந்தா நாற்காலி மேல ஏறுறவ நீ. ஒருத்தன் போன் பண்ணி வீடு பத்தி எரியுதுங்கன்னா, அவன் உனக்கு ஆறுதல் சொல்ல வேண்டி வரும்."

அவளும் சிரித்தாள். வேறு என்ன செய்வது? அவர் சொன்னதில் பொய் இல்லை. நாற்பத்திரண்டு வயதாகியும் குக்கர் விசில் அடிக்கும்போது சமையலறையை விட்டு வெளியே வந்து நிற்பாள். லிஃப்டில் ஏறமாட்டாள். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகள் பத்து நிமிடம் தாமதமாக வந்தால், அதற்குள் மனசுக்குள் ஒரு விபத்து, ஒரு ஆஸ்பத்திரி, ஒரு வரிசை நாற்காலி எல்லாம் வந்து போய்விடும். உறவுக்காரர்கள் மத்தியில் அவளுக்குப் பயந்தாங்கொள்ளி என்றே பெயர். கல்யாண வீடுகளில் அப்படித்தான் அறிமுகப்படுத்துவார்கள்.

பதினைந்து வருடம் ஒரு சமையல் எரிவாயு ஏஜென்சியில் போனில் சிலிண்டர் பதிவு எடுத்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் செல்போனிலேயே பதிவு செய்யப் பழகிக்கொண்டதும் அந்த மேசையை எடுத்துவிட்டார்கள். மேசையோடு அவளையும். எட்டு மாதம் வீட்டில் இருந்துவிட்டுத்தான் இந்த வேலைக்கு விண்ணப்பம் போட்டாள். நேர்முகத் தேர்வில் இருந்தவர் அவள் குரலைக் கேட்டுவிட்டு, "ரொம்ப நிதானமா பேசுறீங்களே, பயமே தெரியலையே" என்றார்.

"அது வெளிய வராதுங்க. உள்ளயே இருக்கும்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

அவர் தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். போச்சு என்று நினைத்தபடி வீட்டுக்கு வந்தாள். மறுவாரம் கடிதம் வந்தது.

பயிற்சி அறை மூன்றாவது மாடியில் இருந்தது. படியேறிப் போய்ச் சேர்ந்தபோது மூச்சு வாங்கியது. ஜன்னல் இல்லாத அறை. ஒன்பது மேசைகள், ஒன்பது திரைகள், சுவரில் விநாடி முள் சத்தமில்லாமல் ஓடும் ஒரு பெரிய கடிகாரம். ஏசி குளிரில் விரல் நுனியெல்லாம் விறைத்துப் போனது. குளிரினாலா என்று அவளுக்கே சந்தேகம்.

பயிற்சி கொடுப்பவர் அவளைவிடப் பத்து வயது இளையவர். எதைச் செய்தாலும் "இன்னொரு தடவை" என்பார். அதனால் இரண்டாம் நாளே அவருக்கு இன்னொருதடவை சார் என்று பெயர் விழுந்துவிட்டது.

"போன் எடுத்ததும் முதல்ல என்ன கேட்பீங்க?" என்று கேட்டார்.

"என்ன ஆச்சுன்னு" என்றார்கள் எல்லாரும்.

"தப்பு. எங்க இருக்கீங்கன்னு கேக்கணும். நடுவுல லைன் போயிட்டா, என்ன ஆச்சுன்னு தெரிஞ்சு நமக்கு என்ன பிரயோஜனம்? இடம் தெரிஞ்சாத்தான் வண்டி போகும். ரெண்டாவது, என்ன நடந்தாலும் குரல் உயரக்கூடாது. நீங்க கத்தினா அவங்க இன்னும் கத்துவாங்க. அப்புறம் யாரு பேசுறது யாருக்கும் கேக்காது."

பிறகு தடுப்புக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டு, அவரே அழைப்பவராக நடித்தார். அவள் முறை வந்தது. காதில் ஒரு பீப். உடனே, "ஐயோ, வீடு எரியுதுங்க! உள்ள எங்கப்பா இருக்காரு!" என்ற அலறல். நடிப்பு என்று தெரியும். இரண்டடி தள்ளி அவர் தலை உச்சிகூடத் தெரிந்தது. இருந்தும் சொல்லிக் கொடுத்தது எல்லாம் மறந்துவிட்டது. பதினைந்து வருடப் பழக்கம் தானாக வாயில் வந்தது.

"உங்க நுகர்வோர் எண் சொல்லுங்க."

அறையே சிரித்தது. தடுப்புக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது: "வீட்டோட அதுவும் எரிஞ்சு போச்சு மேடம். இன்னொரு தடவை."

அன்றைக்கு அதே வீடு பதினோரு தடவை எரிந்தது.

அதன் பிறகு பயம் அவளோடு வீட்டுக்கும் வர ஆரம்பித்தது. குளிக்கும்போது தண்ணீர்ச் சத்தத்துக்குள் பீப் கேட்டது. எதிர்வீட்டுக்காரர் மொட்டை மாடி விளிம்பில் துணி காயப் போடுவதைப் பார்க்க முடியவில்லை. கணவர் பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறினால் ஸ்டூலைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். ஒரு நாள் சாப்பிடும்போது மகளுக்குப் புரையேறியது. அவள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து, "எங்க இருக்கே? பேச முடியுதா?" என்றாள்.

மகள் தண்ணீர் குடித்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்: "உன் எதிர்ல இருக்கேன்மா. வண்டி அனுப்ப வேண்டாம்."

மூன்றாவது வாரம் பழைய அழைப்புகளின் பதிவுகளைக் கேட்க வைத்தார்கள். அவள் பக்கத்து மேசையில் இருந்த இளைஞன் முன்பு பேருந்து நிறுவனத்தில் சீட்டு கொடுத்தவன். எல்லாரும் டிக்கெட் என்று கூப்பிடுவார்கள். வாய் ஓயாதவன். அன்று கேட்ட ஒரு பதிவில் பேச்சே இல்லை. மூச்சு மட்டும். அழைப்பு எடுத்தவர் திரும்பத் திரும்ப, "நான் இருக்கேன், லைன்லயே இருங்க" என்கிறார். மூச்சு நீள்கிறது, குறைகிறது, நீள்கிறது. பிறகு அழைப்பு எடுத்தவரின் குரல் மட்டும்.

டிக்கெட் ஹெட்போனைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்து மேசையில் வைத்தான். "டீ குடிச்சிட்டு வரேங்க்கா" என்று அவளிடம் சொல்லிவிட்டுக் கீழே போனான். திரும்பி வரவில்லை. அன்றும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. அவன் டிபன் பாக்ஸ் வெள்ளிக்கிழமை வரை மேசையிலேயே இருந்தது. அதைத் திறக்கவும் யாருக்கும் துணிவில்லை, எடுத்துப் போடவும் துணிவில்லை. திரையைப் பார்க்க வேண்டிய நேரத்தில் அவள் அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தாவது வாரம் உண்மையான அழைப்புகள். அழைப்புக் கூடம் இரண்டாவது மாடியில். யாராவது ஓடுவார்கள், கத்துவார்கள், சிவப்பு விளக்கு சுழலும் என்றெல்லாம் எதிர்பார்த்திருந்தாள். அங்கே ஒரு வங்கியில் இருப்பது போன்ற முணுமுணுப்புதான் இருந்தது. இருபத்திரண்டு பேர் தாழ்ந்த குரலில், "மூச்சு இருக்குதா?", "ரத்தம் நிக்குதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

ஒரே இணைப்பில் இரண்டு ஹெட்போன். ஒன்று அவள் காதில், இன்னொன்று இன்னொருதடவை சாரின் காதில். அவள் பேசுவாள், அவர் கேட்டுக்கொண்டிருப்பார். தவறினால் பிடித்துக்கொள்வார். முதல் இரண்டு நாள் பெரிதாக ஒன்றும் வரவில்லை. கரண்ட் எப்போது வரும் என்று ஒருவர் கேட்டார். ஒரு பாட்டி வழுக்கி விழுந்து இடுப்பில் அடி. ஒருவர் தவறாக அழைத்துவிட்டு, அதற்கு மன்னிப்புக் கேட்கவே மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டார்.

புதன்கிழமை, மதியம் இரண்டு மணி தாண்டி எட்டு நிமிடம். பீப்.

"அவசர உதவி. எங்க இருக்கீங்க?"

"எங்க வீட்டுக்காரர்... மோட்டார்... ஐயோ விட மாட்டேங்குது, கை ஒட்டிக்கிச்சு..."

இளம் பெண்ணின் குரல். இவள் விசைப்பலகையை இழுத்துக்கொண்டாள். "எந்த இடம்மா? தெரு சொல்லுங்க."

அந்தப் பெண் தெருப் பெயரைச் சொன்னாள், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இரண்டாவது வீடு என்றாள். விரல் தட்டச்சு செய்தது. எப்படிச் செய்தது என்று பிறகு யோசித்தாலும் அவளுக்கு நினைவில்லை. வரைபடத்தில் புள்ளி விழுந்தது. வண்டி கிளம்பியதாகத் திரை காட்டியது.

"தரையெல்லாம் தண்ணி. நான் அவரை இழுக்கறேன்..."

"தொடாதீங்க!"

கூடத்தில் இருபத்திரண்டு தலைகள் திரும்பின. அவள் கத்தியிருந்தாள். அப்படி ஒரு சத்தம் தன் தொண்டையில் இருந்தது அவளுக்கே தெரியாது. போனில் ஒரு கணம் சத்தமே இல்லை.

தொட்டுவிட்டாள். அவ்வளவுதான், தொட்டுவிட்டாள்.

"...தொடல" என்றது குரல்.

"தொடாதீங்க. தண்ணியில கால் வைக்காதீங்க. மெயின் சுவிட்ச் எங்க இருக்கு?"

"வாசல்ல. வெளிய."

"போனை வைக்காம ஓடுங்க. அதை இறக்குங்க."

மறுமுனையில் ஏதோ அவசரமாகச் சொல்வது கேட்டது, பிறகு செருப்பில்லாத காலின் ஓட்டம், ஒரு கதவு, மூச்சு, இரும்புப் பெட்டியைத் திறக்கும் கிறீச். "இறக்கிட்டேன்!" மறுபடியும் ஓட்டம். நடுவில், "தொடாதே, தொடாதே" என்று அந்தப் பெண் கத்துவது கேட்டது. தான் சொன்னதையே திரும்பச் சொல்கிறாள் போலிருக்கிறது என்று இவள் நினைத்துக்கொண்டாள்.

"லைட், ஃபேன் எல்லாம் நின்னுடுச்சா பாருங்க. நின்னுதா? சரி. இப்ப அவரை மல்லாக்கப் படுக்க வைங்க. மூச்சு இருக்குதா?"

"இல்ல. இல்லங்க. உதடு நீலமா..."

"போனை ஸ்பீக்கர்ல போட்டுப் பக்கத்துல வைங்க. நெஞ்சு நடுவுல ஒரு கை, அது மேல இன்னொரு கை. பலமா அழுத்துங்க. நான் எண்ணுறேன், நீங்களும் சேர்ந்து எண்ணுங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு..."

எண்ணினாள். அவள் குரலும் அந்தப் பெண்ணின் குரலும், லைனில் எங்கிருந்தோ மெல்லிய எதிரொலியும். அந்தப் பெண் அழுதாள், ஓய்ந்தாள், "என்னால முடியல" என்றாள். "முடியும். நிறுத்தாதீங்க" என்று சொன்னபோது, இதைச் சொல்ல நான் யார் என்று ஒரு பயம் வந்து போனது. கடைசியில் ஆண்களின் குரல்கள், பெட்டி வைக்கும் சத்தம். லைன் துண்டானது. பதினோரு நிமிடம் நாற்பது விநாடி என்றது திரை.

எழுந்து கழிவறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டு, சுவரில் சாய்ந்து நின்றாள். வெளியே வந்தபோது இன்னொருதடவை சார் தாழ்வாரத்தில் காத்திருந்தார்.

"கத்தினீங்க" என்றார்.

"ஆமா சார்."

"கத்தலன்னா அவங்க தொட்டிருப்பாங்க" என்று சொல்லிவிட்டு, அவளைப் பார்க்காமல், "நாளைக்கு ரெக்கார்டிங் கேப்போம்" என்றார்.

அந்த ஆள் பிழைத்தாரா என்று கேட்டாள். அதையெல்லாம் நமக்குச் சொல்ல மாட்டார்கள் என்றார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கணவரையும் மகளையும் கூப்பிட்டு மெயின் சுவிட்சுக்கு முன்னால் நிறுத்தினாள். ஆளுக்கு ஒரு தடவை இறக்கச் சொன்னாள், ஏற்றச் சொன்னாள். கணவர் அவள் முகத்தைப் பார்த்தார். வேடிக்கையாக ஏதோ சொல்ல வாயெடுத்தவர் அப்படியே விழுங்கிக்கொண்டு, இரண்டாவது தடவையும் இறக்கி ஏற்றினார்.

மறுநாள் பயிற்சி அறையில் அவளும் இன்னொருதடவை சாரும் மட்டும். தன் குரலையே கேட்பது கூச்சமாக இருந்தது. "தொடாதீங்க" வந்தபோது கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு மெயின் சுவிட்ச். ஓடுங்க.

அந்த இடத்தில், நேற்று ஏதோ அவசரச் சத்தமாக மட்டும் கேட்டது, இன்று நல்ல ஸ்பீக்கரில் தெளிவாகக் கேட்டது.

"பாப்பா, இங்கயே நில்லு. நகராதே."

அவள் கண்ணைத் திறந்தாள். அவரும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

ஓட்டம், கதவு, இரும்புப் பெட்டி. வாசலில் இருந்து திரும்பி ஓடி வரும்போது, "தொடாதே, தொடாதே! அப்பாவைத் தொடாதே!" பிறகு எண்ணிக்கை தொடங்கியது. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. எதிரொலி என்று நினைத்திருந்தாளே, அது எதிரொலி இல்லை. நாலு ஐந்து வயசு இருக்கும். 'மூணு' சரியாகச் சொல்ல வராமல் 'மூனு' என்று சொல்லிக்கொண்டு, அரை நொடி பின்னால் ஒரு குழந்தை கூடவே எண்ணிக்கொண்டிருந்தது.

அவர் பதிவை நிறுத்தினார். பின்னோக்கி ஓட்டி நேரத்தைப் பார்த்தார். "பதினாலு விநாடி" என்றார்.

தாயை வாசலுக்கு ஓடச் சொன்னது அவள். அந்தப் பதினாலு விநாடியில், கரண்ட் பாயும் அப்பாவுக்கும் ஈரத் தரைக்கும் பக்கத்தில் ஒரு குழந்தை தனியாக நின்றிருக்கிறது. சுவிட்சை இறக்குவதற்கு முன்னால் அது ஓரடி எடுத்து வைத்திருந்தால். 'அப்பா' என்று கையை நீட்டியிருந்தால். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை அந்த எண்ணிக்கையே சொன்னது. புத்திக்கு அது புரிந்தது, உடம்புக்குப் புரியவில்லை. நேற்று வந்த பயம் முன்னால் நிற்பதைப் பார்த்து வந்த பயம். இது அவள் தாண்டி வந்துவிட்ட பள்ளத்தைத் திரும்பிப் பார்த்து வந்தது. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"நானும்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன். எனக்கும் கேக்கல" என்றார் அவர். முகம் வெளுத்திருந்தது. "நீங்க வெளிய போங்க மேடம். நான் திரும்ப முழுசா கேக்கணும்." அவள் போனதும் உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

அன்றே ராஜினாமா கடிதம் எழுதினாள். ஒரே வரிதான். 'எனக்குப் பயமாக இருப்பதால் இந்த வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன்.' அதை வாங்க வேண்டிய மேற்பார்வையாளர் திங்கள்கிழமை வரை விடுப்பில் இருந்தார்.

"அதுவரைக்கும் வீட்ல இருக்கட்டுமா?" என்று அலுவலக எழுத்தரிடம் கேட்டாள்.

"தாராளமா இருங்க. ஆனா ஓடிப்போயிட்டாங்கன்னு எழுத வேண்டி வரும். ஏற்கனவே ஒருத்தர் டிபன் பாக்ஸை விட்டுட்டுப் போனதுக்கு நான் ரெண்டு பக்கம் எழுதியிருக்கேன்."

ஓடிப்போனவள் என்ற பெயர் வேண்டாம் என்று வெள்ளியும் சனியும் வந்து உட்கார்ந்தாள். இடம் கேட்டாள், என்ன ஆச்சு என்று கேட்டாள், உடனே, "பக்கத்துல குழந்தைங்க யாராவது இருக்காங்களா?" என்றும் கேட்டாள். பட்டியலில் இல்லாத கேள்வி. இன்னொருதடவை சார் தடுக்கவில்லை. காரை விளக்குக் கம்பத்தில் மோதிவிட்டு நெற்றியில் ரத்தத்தோடு பேசிய ஒருவர், "குழந்தையா? எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலீங்க" என்றார். பக்கத்து இருக்கைக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

சனிக்கிழமை ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஒருவர் பயணத் தாள்களைக் கொடுக்க மாடிக்கு வந்தார். புதன்கிழமைத் தாளில் தண்ணீர்த் தொட்டி என்றிருப்பதைப் பார்த்துவிட்டாள். கேட்கக் கூடாதுதான். கேட்டுவிட்டாள்.

"மோட்டார் கேஸா? நீங்கதான் லைன்ல இருந்ததா?" அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அந்தப் பொண்ணு அழுத்திக்கிட்டே இருந்துச்சு. நகருங்கன்னா நகரல, நாங்கதான் கையைப் பிரிச்சு எடுத்தோம். ஒரு சின்னக் குட்டி கதவைப் புடிச்சிக்கிட்டு எண்ணிக்கிட்டே நின்னுச்சு. போதும்மா நிறுத்துன்னு சொல்றேன், கேக்கல."

"அவரு?"

"ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் துடிப்பு இருந்துச்சு. அதுக்கு மேல எனக்கும் தெரியாதும்மா. நாங்களும் கேக்கறதில்ல."

அவர் போன பிறகு அவள் வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். துடிப்பு இருந்தது என்பதை எந்தப் பக்கம் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

திங்கள்கிழமை காலை கடிதத்தோடு மேற்பார்வையாளர் அறைக்குப் போனாள். அந்த அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த ஒரு வரியை இரண்டு தடவை படித்தார்.

"ரெக்கார்டிங் நானும் கேட்டேன்" என்றார். "குழந்தையைப் பத்தின கேள்வியைப் பட்டியல்ல சேர்க்கச் சொல்லி மேல எழுதியிருக்கேன். சேர்ப்பாங்களான்னு தெரியாது." பிறகு கடிதத்தைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார். "ஆனா இதை அனுப்ப முடியாது. பயம்னு காரணம் போட்டா திரும்பி வந்துடும். பயம்தான் காரணம்னா இந்தக் கூடத்துல ஒருத்தர் மிஞ்ச மாட்டாங்க. வேற காரணம் எழுதிக்கிட்டு வாங்க."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தாள். உடல்நிலை சரியாகத்தான் இருந்தது. குடும்பச் சூழ்நிலை என்று எழுதலாம் என்றால், காலையில் கணவர் சாப்பாட்டு டப்பாவை அவரே கட்டி அவள் கையில் கொடுத்திருந்தார். இடமாற்றம், உயர்கல்வி, எதுவும் பொருந்தவில்லை. பொய் எழுத அவளுக்கு அதைவிடப் பயம். எதிர்ச் சுவரில் கடிகாரம் பத்து அடிக்க ஐந்து நிமிடம் காட்டியது. அவளுடைய ஷிப்ட் பத்து மணிக்கு. தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

அன்றைக்கு முப்பத்தொரு அழைப்பு எடுத்தாள். அதில் ஒருவர், குளியலறைக்குள் தாழ்போட்டுக்கொண்டு மயங்கிவிட்ட அப்பாவை வெளியே எடுக்கக் கதவை உடைக்கத் தெரியாமல் அழுதார். தாழ்ப்பாள் எந்தப் பக்கம், கதவு மரமா தகரமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, உடைக்க வைத்து, வண்டி வரும் வரை பேச வைத்தாள். சாயங்காலம் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள்.

எட்டாவது வாரக் கடைசியில் தேர்வு வைத்தார்கள். ஒன்பது பேரில் ஐந்து பேர் மிஞ்சியிருந்தார்கள். அவள் நான்காவதாகத் தேறினாள். தனி இருக்கை கொடுத்தார்கள், தூணுக்குப் பக்கத்தில். முதல் நாள் பழக்கத்தில் வலது பக்கம் திரும்பிப் பார்த்தாள். இரண்டாவது ஹெட்போன் மாட்டும் துளை காலியாக இருந்தது. இனி அவள் காதில் விழாதது வேறு யார் காதிலும் விழாது. ஒலியளவைக் கடைசிக் கோடு வரை ஏற்றிவைத்தாள். காது வலிக்கும் என்று பக்கத்து இருக்கைக்காரி எச்சரித்தாள்.

"வலிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, அழைப்பு எடுக்கும் பச்சைப் பொத்தானை அழுத்தினாள்.